வெளியிலும் கேட்க வேண்டும்

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் உள்ள வேங்கைக் கார்கள் எல்லாவற்றிலும் புதிய மென்பொருள் ஒரே நேரத்தில் இறங்கும். அதுவரை காருக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த உறுமல், அதன்பிறகு தெருவுக்கும் கேட்கும்.

சரவணம்பட்டி அலுவலகத்தின் ஆறாவது மாடியில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, திலீபன் உரிமையாளர்களின் விருப்பங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அவர், காருக்குச் சத்தம் அமைக்கிற மிதுலாவின் மேலாளர். திருப்பூர்க்காரர். எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவர்.

"இதக் கேளுங்க. 'பின்சீட்டில் என் மாமியாருக்கு முட்டி இடிக்கிறது. அடுத்த மாடலில் சரிசெய்யவும். அவசரமில்லை.'"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மிதுலாவும் சிரிக்கப் பார்த்தாள்.

"'வேகத்தடையில் அடிவயிறு தட்டுகிறது. அந்த இடத்தில் மட்டும் கார் கொஞ்சம் எழுந்து நிற்கக் கூடாதா?' இது நல்லாருக்கு, குறிச்சு வெய்யுங்க. 'இளநீர் வைக்க ஒரு குழி வேண்டும். காபிக் குழியில் அது உட்கார மாட்டேன் என்கிறது.' நாலு செகண்டுல நூறைத் தொடற வண்டிங்க. அதுல இளநியை வெச்சுட்டு ஓட்டறாராமா!"

வேங்கையை வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் காரில் என்ன வேண்டுமென்று எழுதுவார்கள். அதிகம் பேர் கேட்டதை நிறுவனம் செய்துகொடுக்கும். பேட்டரியில் ஓடுகிற கார். சத்தமே கிடையாது. முதல் வருடம் வாங்கியவர்களுக்கு அந்த அமைதிதான் பிடிக்கவில்லை. 'ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் எழுதினார். சத்தமில்லாத வேகம் அவர்களுக்கு வேகமாகவே படவில்லை. உறுமல் கேட்டார்கள். உள்ளே வைத்துக்கொடுத்தார்கள். இப்போது அது போதவில்லை.

"முதலிடம்," என்று திலீபன் கையை உயர்த்தினார். "'உறுமல் வெளியிலும் கேட்க வேண்டும். நான் வருவது ஊருக்குத் தெரிய வேண்டும்.' பன்னெண்டாயிரம் பேரு! மாமியார் முட்டிக்கு நானூறு பேருதான்."

சத்தமில்லாத வண்டி தெருவில் ஏதாவது ஓர் ஒலி எழுப்பியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. என்ன ஒலி என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் தடையும் இல்லை.

திலீபன் அவள் மேசைப் பக்கம் வந்தார். "மிதுலா, உங்க வீடு மேட்டுப்பாளையத்துல ஊட்டி ரோட்டு மேலதானுங்க?"

"ஆமாங்க சார்."

"நம்ம கோயமுத்தூர் ஓனருங்க நாப்பது பேரு ஞாயித்துக்கிழமை ஊட்டி போறாங்க. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு கிட்ட ஆறு மணிக்கு நிப்போம். சாஃப்ட்வேர் எறங்குனதும் கெளம்பறோம். நானும் வர்றேன். உங்கப்பாவையும் கூட்டிட்டு வாசல்ல நில்லுங்க. பொண்ணு கண்டுபுடிச்ச சத்தம்னு கேக்கட்டும்."

"சரிங்க சார்."

அவளுக்கு அதற்குமேல் பேச வராது. கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லும்போதே குரல் பாதியில் உள்ளே போய்விடும்.

அவளுடைய திரையின் ஓரத்தில் 'நிறுத்து' என்று ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிவரை குழுவில் யார் வேண்டுமானாலும் அதை அழுத்தி, மென்பொருள் இறங்காமல் தடுக்கலாம். அழுத்தியவர் திலீபனிடம் காரணம் சொல்ல வேண்டும்.

காரணம் இரண்டே சொல். அது அப்பா.

*

மிதுலாவின் அப்பா சென்னியப்பன் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் விட்டவர். விடிவதற்குள் நாலு குடோனுக்கும் கேட்கும்படி விலை கூவுவார். மைக் கொடுத்தால் வாங்கமாட்டார். "மைக்கு எனக்கெதுக்குங்க? அது கூச்சப்படும்" என்பார். தொண்டையில் புற்று வந்து, நான்கு வருடத்துக்கு முன்பு குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாகப் போய்வந்தது.

குரல்வளை இல்லாமலும் பேச ஒரு வழி உண்டு என்று பயிற்சியாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். காற்றை விழுங்கி, அதையே ஏப்பமாக மேலே கொண்டுவந்து, வாய்க்குள் அதைச் சொல்லாக மாற்றுவது. ஆறு மாதம் அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அதைப் பழகினார். முதலில் வெறும் ஏப்பம்தான் வந்தது. அப்புறம் அது நீண்டது. தாழ்ந்த, கரடுமுரடான, அடிவயிற்றிலிருந்து ஏறி வருகிற ஓர் ஒலி. நான்கு பேர் முன்னால் ஒரு மனிதன் எழுப்பக்கூடாத ஒலி என்று அவர் நினைத்தார். விருந்தாளிகள் வந்தால் அறையைவிட்டு வரமாட்டார்.

வாராவாரம் அந்தப் பயிற்சியைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். அது மிதுலாவின் வேலை. ஒருநாள் அவள் போனை நீட்டியபோது அப்பா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்து ஒரு பெரும் ஒலி எழுப்பினார். ஏழு நொடி. அதுவரை வந்ததிலேயே நீளமானது அதுதான். "சூப்பர்ப்பா!" என்று அவள் கைதட்டினாள். அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. என்ன வேண்டுமானாலும் போனில் எழுதிக் காட்டினார். பொறுமை போய்விட்டது போல என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, வேங்கைக்கு உறுமல் தேடி அவள் குழு திண்டாடியது. கணினியில் செய்த உறுமல் எதுவும் இரண்டு நாளுக்குமேல் தாங்கவில்லை. "மிக்ஸி ஓடற மாதிரி இருக்குங்க" என்றார்கள் ஓட்டிப் பார்த்தவர்கள். இயந்திரம் செய்கிற ஒலி ஒரே முறையில் திரும்பத் திரும்ப வருகிறது. காது அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. வேறெதையோ தேடிக்கொண்டிருந்த மிதுலாவின் ஹெட்ஃபோனில் தற்செயலாக அந்த ஏழு நொடி ஓடியது. கை ரோமம் சிலிர்த்தது. அந்த ஒரு கணம், அது யாருடையது என்பதே அவளுக்கு நினைவில்லை. அதன் அதிர்வெண்ணைத்தான் பார்த்தாள்.

ஏழு நொடியை நான்கு துண்டாக வெட்டினாள். வேகம் ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி கோத்தாள். வேறொன்றையும் மாற்றவில்லை. மாற்றினால் உயிர் போய்விட்டது.

திலீபன் ஓட்டிவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "என்ன மிதுலா இது? ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்குது. எங்க புடிச்சீங்க?"

பத்துப் பேர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயில் முதலில் வந்தது வெளியே விழுந்தது.

"ஏதோ மிருகங்க சார்."

"என்ன மிருகம்?"

"தெரியலைங்க. நெட்டுல கெடச்சுது. யாருக்கும் உரிமை இல்லாதது."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவளுக்குக் கேக் வெட்டினார்கள். அதற்கப்புறம் எந்த நாளும் சொல்வதற்கு ஏற்ற நாளாக இல்லை. அது சிறுத்தை என்றார்கள் ஓனர்கள், கரடி என்றார்கள், முதுமலை யானை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். காருக்குள்தானே கேட்கிறது, கண்ணாடி ஏற்றித்தானே இருக்கிறது, அப்பாவுக்கும் வேங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் ஒன்றரை வருடம் தேற்றிக்கொண்டாள்.

*

சனிக்கிழமை மாலை ஷமீமா வந்தாள். மருத்துவமனையிலிருந்து வருகிற பெண். கையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டை. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்தது.

"இது தொண்டைத் தசை எப்படி அசையுதுன்னு பாக்குமுங்கய்யா," என்று அப்பாவின் கழுத்தில் அதைப் பொருத்தினாள். "அங்க வர்ற சத்தத்தையும் கேக்கும். ரெண்டையும் வெச்சு, இல்லீன்னா கெடச்ச ஒண்ணை வெச்சு, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, உங்க பழைய குரல்லயே பேசும். மண்டியில நீங்க ஏலம் விட்ட வீடியோ இருபத்துமூணு கெடச்சுது. குரலுக்குப் பஞ்சமே இல்ல."

அம்மா வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உங்க தொண்டைச் சத்தம் இதுக்குக் கொஞ்சம் பழகணும். பழைய பயிற்சிப் பதிவு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங் கண்ணு," என்றாள் அம்மா. "அம்மிணி போன்ல புடிச்சு வெச்சிருக்கறா. குடு அம்மிணி."

மிதுலா போனை எடுத்தாள். இருபதுக்கும் மேல் இருந்தன. அந்த ஏழு நொடியை மட்டும் தேர்வு செய்யாமல் விட்டு மற்றதை எல்லாம் அனுப்பினாள். ஷமீமாவின் அண்ணனிடம் வேங்கை இருந்தது. வந்ததும் வராததுமாக அவளே சொன்னாள், அண்ணன் அந்தச் சத்தத்துக்காகவே தூங்காமல் ஓட்டுகிறான் என்று.

"பக்கத்துல யாராச்சும் பேசுனா இது கொழம்பிக்காதுங்களா?" என்று மிதுலா மெல்லக் கேட்டாள்.

"கொழம்பாதுங்க. சந்தையில நின்னாலும் இவர் தொண்டைச் சத்தத்துக்கு மட்டுந்தான் வாயத் தெறக்கும். அந்தச் சத்தம் உலகத்துல வேற ஆருகிட்டயும் இல்லையே."

"ஒருவேள வேற எங்காச்சும் கேட்டா?"

ஷமீமா சிரித்தாள். "வேற எங்கீங்க கேக்கும்?"

பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவின் உதடு அசைந்தது. தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. உடனே மண்டிக் குரல், அதே கனத்தோடு, அறையை நிரப்பியது.

"வசந்தா. சாம்பாருல உப்பு கம்மி. மூணு வருசமாக் கம்மி."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "எழுதிக் காட்றதுதானுங்க! போன்லதான் எல்லாத்தையும் எழுதறீங்களே!"

"எழுதுனா நீ கண்ணாடி தேடுவ."

மிதுலா பின்கட்டுக்குப் போனாள். மணி ஐந்து இருபது. திலீபனை அழைத்தாள். எடுத்ததும் பெரிய இரைச்சல்.

"மிதுலா! ஆயுசு நூறு. ஓனர்ஸ் கூட்டத்துல இருக்கறேன். உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருக்கோம். ஸ்பீக்கர்ல போடறேன் இருங்க."

"வேண்டாங்க சார். அந்தச் சத்தம் இருக்குதில்லைங்களா, அது வந்து..."

"வணக்கமுங்கம்மா!" என்று யாரோ நடுவில் புகுந்தார். வயதான குரல். "எனக்கு எழுபத்தோரு வயசாச்சு. அந்தச் சத்தம் கேட்டா ரத்தம் சூடாவுதுங்க. உங்க கைக்குத் தங்கக்காப்புப் போடணும்."

பத்திருபது பேர் கைதட்டுவது கேட்டது.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றார் திலீபன்.

அது மிருகம் இல்லை என்று சொன்னால் இத்தனை பேரும் கைதட்டியது எதற்கு என்றாகும். அப்பாவை மிருகம் என்று சொன்னவள் என்றாகும். நாளைக்கு அவர் முன்னாலும் அதையே சொல்ல வேண்டியிருக்கும்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்," என்றாள்.

ஆறு மணிக்கு மடிக்கணினியில் சிவப்புக் கட்டம் சாம்பல் நிறமானது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

*

காலையில் அப்பாவை எங்கேயாவது கூட்டிப்போய்விடலாம் என்று திட்டம் போட்டிருந்தாள். காரமடைக் கோயிலுக்கு. சிறுமுகைச் சித்தி வீட்டுக்கு. ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தபோது அவர் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகத் தயாராக நின்றார். பட்டையைக் கழற்றாமலே தூங்கியிருந்தார்.

"பால் வாங்கப் போறேன்," என்றது மண்டிக் குரல்.

மூன்று வருடமாக அம்மாதான் பால் வாங்கினாள்.

"கோயிலுக்குப் போலாம்ப்பா. வர்ற வழியில வாங்கிக்கலாம்."

"சாமி எங்கயும் போகாது. பாலு தீந்துரும்."

"பட்டைக்குச் சார்ஜ் போடணும்ப்பா. கழட்டிக் குடுங்க, போட்டுட்டுப் போலாம்."

அவர் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார், குழந்தை பொம்மையை மூடிக்கொள்வதுபோல. பிறகு சிரித்தார். "நீயும் வா. அப்பன் பேசறதக் கேளு."

பால்கடை ஊட்டி ரோட்டின் மேலேயே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைக்காரர் குமரேசன் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"மாமா! வாங்க வாங்க. என்ன வேணும், எழுதிக் காட்டுங்க."

"அரை லிட்டர் ரெண்டு. பச்சைப் பாக்கெட்டு. நேத்தையது குடுத்தீன்னா மண்டிக்கே கேக்கற மாதிரி கத்துவேன்."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அட சாமி! ஏலக்காரரு கொரலு!" யாரோ அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெரியவர், "உருளைக்கெழங்கு மூட்டை ஒண்ணு கூவுங்க, கேப்போம்" என்றார். அப்பா தோளை நிமிர்த்தினார். அவர் அப்படி நின்று மிதுலா பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இப்போதே சொல்லிவிடலாம், இந்த இடத்திலேயே, கார் வருவதற்குள் என்று நினைத்தாள். "அப்பா," என்று அவர் சட்டையைத் தொட்டாள். அவர் குனிந்தார்.

முதல் கார் வந்தது. சிவப்பு வேங்கை. வேகத்தடைக்காக மெதுவாக ஏறி இறங்கியது. தாழ்வாக, கரடுமுரடாக, தரையிலிருந்து கிளம்புவதுபோல ஒரு சத்தம் தெருவில் எழுந்தது.

அப்பாவின் கை தொண்டைக்குப் போனது. தான்தான் அந்தச் சத்தத்தை எழுப்பிவிட்டோம் என்று நினைத்துவிட்டார். முகம் கருத்தது. வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தை மூடினார்.

துண்டுக்குள்ளிருந்து மண்டிக் குரல் வந்தது. அவர் உதடு மூடியே இருந்தது.

"ஆருக்கும்."

"என்னுங்க மாமா?" என்றார் குமரேசன். "ஆருக்குங்க?"

அப்பா இல்லையென்று தலையசைத்தார். அடுத்த கார் வந்தது. வெள்ளை. இது கொஞ்சம் வேகமாகக் கிளம்பியது.

"ஆருக்கும் போட்டுக் காட்டீராத."

இப்போது அவருக்குப் புரிந்தது. போகிற காரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மிதுலா ஒலிப்பதிவு அறையில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம் அது. அதன் ஏற்ற இறக்கம் அவளுக்கு மனப்பாடம். ஒரு தடவைகூட அதை ஒரு பேச்சாக அவள் கேட்டதில்லை.

துண்டை விலக்கிப் பட்டையை அணைக்கப் போனாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்கவில்லை.

"அப்பா, போலாம்ப்பா. வீட்டுக்குப் போலாம்."

மூன்றாவது கார் நீலம். கண்ணாடி இறங்கியிருந்தது. திலீபன் தலையை வெளியே நீட்டி இரண்டு கையையும் ஆட்டினார். "மிதுலா! கேளுங்க!" என்று கத்திவிட்டு, ஓட்டியவரின் தோளைத் தட்டினார். வேகத்தடை தாண்டியதும் ஓட்டியவர் முழுசாக மிதித்தார். பால்கடைத் தகரம் அதிர்ந்தது. வெட்டிய நான்கு துண்டும், ஏறுகிற வேகத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாலு குடோனுக்கும் கேட்கிற அந்தக் குரல், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, அவற்றைச் சொல்லாக்கிச் சொன்னது.

"ஆருக்கும் போட்டுக் காட்டீராத அம்மிணி. அப்பனுக்கு வெக்கமா இருக்குது."